கொல்லையில் சோலார், அடுத்து பேட்டரி: தூக்கம் கெடாமல் இருக்க என்ன கேட்க வேண்டும்?

கடலூர் மாவட்டம், விருத்தாசலம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது:

"ஐயா, எங்கள் வீட்டுக்குக் கிழக்கே என் மூத்தாருடைய முந்திரிக் கொல்லை இருந்தது. தானே புயலில் மரமெல்லாம் சாய்ந்ததிலிருந்து அதில் பெரிய வருமானம் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். அவர்களுடைய இன்வர்ட்டர் ரூமும் டிரான்ஸ்பார்மரும் எங்கள் வீட்டிலிருந்து நூற்றைம்பது தப்படியில் இருக்கின்றன. பகலில் 'உய்ய்' என்று கேட்கும், அது பழகிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சுவருக்குள் வண்டு புகுந்தது போல 'ங்ங்ங்' என்று கேட்கிறது. கட்டிலில் தலை வைத்தால் கேட்கிறது, எழுந்து கூடத்துக்கு வந்தால் இல்லை. 'வெயில் போனால் சோலார் எப்படி ஓடும், எல்லாம் உன் மனசு' என்கிறார் என் வீட்டுக்காரர். கம்பெனி ஆள் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, 41 காட்டுகிறது, 45 வரை சட்டம் அனுமதிக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். இப்போது பக்கத்துத் துண்டில் பேட்டரி கன்டெய்னர்கள் வைக்கப் போகிறார்களாம். அளந்து கல் நட்டாயிற்று, மூத்தார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கதிர்வீச்சு வரும் என்று ஊரில் பயப்படுகிறார்கள். சவுக்கு நட்டால் சத்தம் நின்றுவிடும் என்றும் சொல்கிறார்கள். மூத்தாரை எதிர்த்துக் கலெக்டர் ஆபீஸ் படியேற எனக்கு மனசில்லை. பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, மூத்தார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தச் சத்தம்.

இன்று ராத்திரியே ஒரு காரியம் செய்யுங்கள். பதினொரு மணிக்கு உங்கள் வீட்டு மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுக் கட்டிலில் படுத்துப் பாருங்கள். பிரிட்ஜ், ஸ்டெபிலைசர், வீட்டு இன்வர்ட்டர் எல்லாம் இதே மாதிரிதான் முனகும். வீட்டு இன்வர்ட்டருக்குத் தனி ஸ்விட்ச் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். ஒலி அளக்கப் போன இடங்களில் இரண்டு முறை, வீட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் வெளியே தேடிய சத்தம் அவர்கள் வீட்டு ஸ்டெபிலைசரிலிருந்தே வந்ததைப் பார்த்திருக்கிறேன். மெயினை இறக்கிய பிறகும் கேட்டால் அது வெளியிலிருந்து வருகிறது. உங்கள் வீட்டுக்காரரையும் அப்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி ஓடும்போது இந்த முனகல் அதன் காற்றொலிக்குள் ஒளிந்துகொள்ளும். அவருக்கு இதுவரை கேட்காமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வெயில் போனால் சோலார் ஓடாது என்று அவர் சொல்வதில் பாதி சரி. பலகைகளும் இன்வர்ட்டரும் அடங்கிவிடும். டிரான்ஸ்பார்மர் அடங்காது. மின்வாரிய லைனோடு அது எப்போதும் இணைந்தே இருப்பதால், ராத்திரியில் லைனிலிருந்து மின்சாரம் வந்து அதை உயிரோடு வைத்திருக்கும். அதற்குள் இருக்கும் இரும்புத் தகடுகள் காந்தப்புலத்தில் மயிரிழைக்கும் குறைவாக நீண்டு சுருங்கும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு, ஆக விநாடிக்கு 100. உங்கள் 'ங்ங்ங்' பெரும்பாலும் இந்த 100 ஹெர்ட்ஸ்தான். பகலில் வரும் 'உய்ய்' வேறு. இன்வர்ட்டருக்குள் மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டிச் சேர்க்கும் சாதனங்களும், அதைக் குளிர்விக்கும் விசிறிகளும் சேர்ந்து எழுப்பும் ஒலி அது. காலையில் தொடங்கி உச்சி வெயிலில் கூடி அந்தியில் இறங்கும். இரண்டுக்கும் பிறப்பிடம் வேறு, தீர்வும் வேறு. புகார் எழுதும்போது இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

கட்டிலில் கேட்பது கூடத்தில் ஏன் கேட்பதில்லை? இதை வைத்துத்தான் பலரும் மனப்பிரமை என்கிறார்கள். நான் இதையே சாட்சியாக எடுத்துக்கொள்வேன். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய மூன்றரை மீட்டர், நம் கணக்கில் பதினொன்றரை அடி. நம் ஊர்களில் பத்துக்குப் பன்னிரண்டு என்று அறை கட்டுவது வழக்கம். அலையின் நீளமும் அறையின் நீளமும் நெருங்கி வரும்போது, ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி அறைக்குள்ளேயே தேங்கிவிடும். சுவரோரத்தில் அதிகமாகவும், சுவரிலிருந்து மூன்றடி தள்ளிக் குறைவாகவும் கேட்கும். நீங்கள் தலைமாட்டைச் சுவரோரம் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கட்டிலை மூன்றடி இழுத்துப் போட்டுப் பாருங்கள், பெண்ணின் கட்டிலையும் அப்படியே. நிரந்தரத் தீர்வு ஆகாது, ஆனால் காசு செலவில்லாமல் இன்றைக்கே கொஞ்சம் தூங்கலாம்.

அடுத்து அந்த 41. கம்பெனி ஆள் பொய் சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலும் வரம்பு. ஆனால் அந்த டெசிபல் 'ஏ' கணக்கில் எடுக்கப்படுவது. மனிதக் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகக் கேட்கிறது என்பதால், 'ஏ' கணக்கு 100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபலைக் கழித்துவிடும். 50 டெசிபல் அழுத்தத்தோடு வருகிற முனகலை மீட்டர் 31 என்றே எழுதும். சிள்வண்டும் தூரத்து லாரியும் சேர்ந்து 41 ஆகும்போது முனகல் அதற்குள் காணாமல் போகும். மழை பெய்த ராத்திரி என்றால் தவளைச் சத்தத்தில் எதையுமே அளக்க முடியாது.

ஆனால் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்ததும், சிள்வண்டின் கீச்சொலியைச் சுவர் தடுத்துவிடுகிறது. தாழ்ந்த முனகலை அந்த அளவுக்குத் தடுக்காது. வெளியே எல்லாச் சத்தத்தோடும் கலந்து கிடந்தது உள்ளே தனியாக நிற்கிறது. வெளியே எடுத்த 41 உங்கள் தலையணையின் கதையைச் சொல்லாது. தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத 'சி' கணக்கிலும் அளந்து காட்டுங்கள் என்று கேளுங்கள். அந்த மீட்டரிலேயே பெரும்பாலும் அதற்கு ஒரு பொத்தான் இருக்கும். 'சி' எண் 'ஏ' எண்ணைவிட 15, 20 டெசிபல் கூடுதலாக வந்தால், தாழ்ந்த ஒலி அங்கே இருக்கிறது என்று பொருள். பிரிட்டனில் பி.எஸ். 4142 என்ற முறையில், ஒரே சுருதியில் வரும் ஒலி என்றால் அளந்த எண்ணோடு 6 டெசிபல் வரை கூட்டித்தான் மதிப்பிடுவார்கள், ஏனென்றால் மனிதரை அது கூடுதலாகத் தொந்தரவு செய்கிறது. நம் விதியின் அட்டவணையில் அந்தக் கூட்டல் இல்லை.

உங்கள் போனில் ஒலியின் அலைவரிசையைப் படமாகக் காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கின்றன. அது காட்டும் டெசிபல் எண்ணை நம்ப வேண்டாம். 100, 200, 300 என்ற இடங்களில் கம்பு நட்டது போல் கோடு எழுந்தால் அந்தப் படத்தை எடுத்து வையுங்கள். ஒரு நோட்டில் தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், மின்விசிறி ஓடியதா இல்லையா என்று இரண்டு வாரம் எழுதுங்கள். மார்கழி, தை ராத்திரிகளைத் தவறவிடாதீர்கள். வானம் தெளிந்த பனி நாட்களில் தரையோரக் காற்று குளிர்ந்து மேல்காற்று சூடாக இருக்கும். மேலே போகவேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்பி வரும். மற்ற நாளில் கேட்காத சத்தம் அன்றைக்குக் கேட்கும்.

இருக்கிற டிரான்ஸ்பார்மருக்குக் கம்பெனி செய்யக்கூடிய வேலைகள் சின்னவைதான். ஊர் படுத்து பம்ப்செட்டுகள் நின்ற பிறகு லைனில் வோல்டேஜ் ஏறும். வோல்டேஜ் ஏறினால் இரும்புக்குள் காந்தப்புலம் ஏறும், முனகலும் ஏறும். லைனின் வோல்டேஜுக்கு ஏற்ப டிரான்ஸ்பார்மர் சுருளின் சுற்றுகளைக் கூட்டிக் குறைக்கும் டேப் நிலையை ஒரு படி மாற்றினாலே குறைய வாய்ப்புண்டு. தளர்ந்த போல்ட், அதிரும் ரேடியேட்டர், அடியில் ரப்பர் மெத்தை இல்லாமை இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நான் போன ஓரிடத்தில் முனகியது டிரான்ஸ்பார்மர்கூட இல்லை. அதன் துடிப்புக்குப் பக்கத்து இன்வர்ட்டர் ரூமின் தகரக் கூரை கூடவே பாடிக்கொண்டிருந்தது. கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்ததும் அடங்கிவிட்டது. எது காரணம் என்று தெரிய, ராத்திரியில் அரை மணி நேரம் டிரான்ஸ்பார்மரை லைனிலிருந்து பிரித்து வைக்கச் சொல்லுங்கள். அந்நேரம் உற்பத்தி இல்லாததால் அவர்களுக்கு நஷ்டமும் இல்லை. சத்தம் நின்று, மறுபடி இணைத்ததும் திரும்பினால், மேற்கொண்டு யாரும் வாதாட முடியாது.

இனி பேட்டரி. இதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பேட்டரி ராத்திரியில் வேலை செய்கிற பொருள். பகலில் ஏற்றிய மின்சாரத்தை ஊர் விளக்கேற்றும் நேரத்தில் கொடுப்பதற்காகத்தான் அதை வைக்கிறார்கள். 100 யூனிட் ஏற்றினால் 85 யூனிட் அளவுக்குத் திரும்பும், மிச்சம் சூடாகப் போகும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஒவ்வொரு கன்டெய்னரிலும் விசிறியும் குளிரூட்டும் எந்திரமும் உண்டு. மின்சாரம் கொடுத்து முடித்த பிறகும் அவை உடனே நிற்பதில்லை. அக்னி நட்சத்திரத்தில் நாம் மொட்டை மாடியிலும் திண்ணையிலும் பாய் விரிக்கும் நாட்களில்தான் அவை அதிகம் ஓடும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கும் குளிர்நாடுகளின் கணக்கு நமக்குப் பொருந்தாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கன்டெய்னர் பத்து மீட்டர் தூரத்தில் 65 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 குறையும். இருபதில் 59, நாற்பதில் 53, எண்பதில் 47, நூற்றறுபதில் 41. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அதே மாதிரி பத்து கன்டெய்னர் ஒன்றாக ஓடினால் 10 டெசிபல் கூடும். அதே நூற்றறுபது மீட்டரில் 51 ஆகிவிடும். பழைய 41-க்குத் திரும்ப ஐந்நூறு மீட்டர் தள்ளிப் போக வேண்டும். உங்கள் நூற்றைம்பது தப்படி ஏறக்குறைய 110 மீட்டர்தான். கம்பெனி எத்தனை கன்டெய்னர் வைக்கப் போகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு சத்தம் போடும் என்று தெரியாமல் யாரும் உங்களுக்கு உறுதி கொடுக்க முடியாது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தயாரிப்பாளர் தரும் ஒலி விவரம் அது. விசிறி முழு வேகத்தில் ஓடும்போது எடுத்த எண்ணா என்று பாருங்கள், பாதி வேகத்தில் எடுத்த எண்ணைக் காட்டுவதும் உண்டு.

சவுக்கு விஷயம் கேட்டிருந்தீர்கள். நம் கடற்கரைப் பக்கம் சவுக்கு காற்றைத் தடுத்துப் பார்த்திருக்கிறோம், அதனால் சத்தத்தையும் தடுக்கும் என்ற நம்பிக்கை இயல்பானது. ஆனால் முப்பது மீட்டர் அகலத்துக்கு அடர்த்தியாக நட்டாலும் ஓரிரு டெசிபலுக்கு மேல் குறையாது. இலைக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒலிக்குத் தாராளம். சவுக்கு நடுவதோடு முடித்துக்கொள்கிறோம் என்று கம்பெனி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தடுக்க வேண்டுமானால் கனமான சுவர் வேண்டும். அடியில் சந்து இல்லாமல், விசிறியைவிட உயரமாக, கன்டெய்னருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நன்றாகக் கட்டினால் 10 டெசிபல் அளவுக்குக் குறையும். 100 ஹெர்ட்ஸ் முனகலுக்கு அவ்வளவு பலன் இருக்காது. ரொம்ப நெருக்கிக் கட்டினால் காற்றோட்டம் அடைபட்டு விசிறி இன்னும் வேகமாக ஓடும், சத்தம் கூடிவிடும். சுவருக்கு முன்னால் செய்யவேண்டியது, கன்டெய்னரின் விசிறிப் பக்கத்தை உங்கள் வீட்டுக்கு எதிர்த்திசையில் திருப்பி வைப்பது. வரைபடத்தில் பென்சிலால் திருப்ப ஒரு நிமிஷம் போதும். சிமென்ட் மேடை போட்டுக் கிரேனில் இறக்கிய பிறகு யாரும் திருப்பித் தரமாட்டார்கள். விசிறி வேகமும் அப்படித்தான். வேகத்தை 80 சதவீதமாக்கினால் ஏறக்குறைய 5 டெசிபல் குறையும். ராத்திரிக் குளிர்ச்சியில் அந்த வேகமே போதும்படி பெரிய விசிறிகளை ஆர்டர் கொடுக்கும்போதே கேட்க வேண்டும்.

கதிர்வீச்சு பற்றி ஊராருக்குச் சொல்லுங்கள்: அந்தப் பயம் வேண்டாம். மின்கருவிகளைச் சுற்றி இருக்கும் காந்தப்புலம் தூரத்தோடு வேகமாகக் குறையும். மிக்சி பக்கத்தில் நின்று சட்னி அரைக்கும்போது உங்கள் மேல் படுவது, 110 மீட்டர் தள்ளியிருக்கும் டிரான்ஸ்பார்மரிலிருந்து வருவதைவிட அதிகம். இல்லாத கதிர்வீச்சைச் சொல்லிப் போனால், இருக்கிற சத்தத்தையும் சேர்த்துக் கம்பெனி தள்ளிவிடும். தீ விபத்து பற்றிய கேள்வி வேறு, அது நியாயமானது. தீயணைப்புத் துறைக்குக் கொடுத்த திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சட்டத்தின் நிலைமையை ஒளிக்காமல் சொல்கிறேன். சூரிய மின் நிலையங்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் 'வெள்ளை' வகையில் சேர்த்தது. புகை இல்லை, கழிவு இல்லை என்பதால் அது சரிதான். ஆனால் அதனால் இயக்க இசைவு வாங்க வேண்டியதில்லை என்றாயிற்று. உங்கள் வீட்டில் எவ்வளவு கேட்கும் என்று வாரியம் முன்கூட்டிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒலி விதிகள் அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் அந்த விதியின்படி புகார் கொடுக்க, வரம்பைவிட 10 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது, அதாவது ராத்திரியில் 55. உங்களுடைய முனகல் அந்த எண்ணை எட்டாது. பொதுத் தொல்லை என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவில், வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் போகலாம், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம், கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம். எல்லா வழியும் திறந்திருக்கிறது. ஆனால் எல்லாமே சத்தம் வந்த பிறகு ஓட வேண்டிய ஓட்டம்.

உங்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. அது மூத்தாரின் கையெழுத்து.

நிலத்தைக் கொடுப்பவர் போடும் நிபந்தனைக்கு எந்த அலுவலகத்து அனுமதியும் தேவையில்லை. கம்பெனிக்கு இந்தத் துண்டு வேண்டும், ஏனென்றால் லைனும் டிரான்ஸ்பார்மரும் பக்கத்திலேயே இருக்கின்றன. மூத்தாரிடம் நீங்கள் பேச வேண்டாம், அண்ணன் தம்பி பேசிக்கொள்ளட்டும். மெயின் ஸ்விட்சை இறக்கி உங்கள் வீட்டுக்காரர் தம் காதால் கேட்டுவிட்டால், அவரே போவார். குத்தகையை நிறுத்தச் சொல்லிப் போக வேண்டாம். முந்திரி போன கொல்லையில் அவருக்கும் பிழைப்பு வேண்டும். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே என்று கேட்டால் போதும்.

என்ன எழுத வேண்டும்? உங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, இரவு பத்து முதல் ஆறு வரை, பழைய நிலையமும் புதியதும் சேர்ந்து 40 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஐரோப்பாவுக்காகச் சொன்ன இரவு அளவு அது, பேராசையான எண் இல்லை. 100 ஹெர்ட்ஸ் முனகல் வீட்டுக்குள் தனியாகக் கேட்கக்கூடாது. விசிறிப் பக்கம் வீட்டைப் பார்க்கக்கூடாது, கன்டெய்னர்கள் துண்டின் கிழக்குக் கோடியில் இருக்க வேண்டும். ஓட ஆரம்பித்த மூன்று மாதத்துக்குள், சித்திரை வந்தால் சித்திரையிலும், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட வெளி ஆள் அளக்க வேண்டும். மீறினால் எத்தனை நாளில் சரிசெய்வது, அதுவரை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதும் எழுத்தில் வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும், அதனால் இவையெல்லாம் பதிவாகும் பத்திரத்திலேயே இருக்கட்டும். தனித் தாளில் மேலாளர் எழுதிக் கொடுத்தால், அவர் மாற்றலாகிப் போனதும் அதுவும் போய்விடும்.

நான் வடலூர் பக்கத்தில் பிறந்தவன். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிக்காக ஊர்கள் இடம்பெயர்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். வெயிலிலிருந்து மின்சாரம் எடுத்து ராத்திரிக்குச் சேர்த்து வைப்பதை மனசார வரவேற்கிறேன். 2017-லேயே மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட் புதுச்சேரியில் சோதனையாக வைத்த பேட்டரி நிலையம் நம் வாசலில்தான் இருந்தது. இனி இவை ஊர்தோறும் வரும், வரவேண்டும். அதற்கான விலையை ஒரு வீட்டின் தூக்கத்திலிருந்து எடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நான் மேலே சொன்ன எல்லாமே செய்யக்கூடிய வேலைகள், தொடக்கத்திலேயே செய்தால் செலவும் குறைவு.

பெண்ணுக்குப் பொதுத்தேர்வு முடியும்வரை மேசை விசிறி ஒன்றை அவள் கட்டில் பக்கம் வையுங்கள், முனகல் அதில் மறையும். பஞ்சு, காதடைப்பான் எல்லாம் இந்தத் தாழ்ந்த ஒலிக்கு அவ்வளவாக உதவாது. கம்பெனியிடமிருந்து ஒலி விவரத் தாளும் வரைபடமும் வந்ததும், உங்கள் நோட்டின் இரண்டு வாரப் பக்கங்களோடு எனக்கு அனுப்புங்கள். எந்தக் கன்டெய்னர் எங்கே நிற்கலாம் என்று கணக்குப் போட்டு அதே வரைபடத்தில் குறித்துத் தருகிறேன். அதுவரை பேனாவைத் திறக்க வேண்டாம் என்று மூத்தாரிடம் உங்கள் வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லுங்கள்.